உதைபந்து கேள்வி-பதில்: லிவர்பூலின் எக்காலத்துக்குமான பதினொருவர்

கேள்வி: நாங்கள் ஒன்றாக இருந்து மேட்ச் பார்க்கும் லிவர்பூல் ரசிகர்கள். கழகத்தின் எக்காலத்துக்கும் சிறந்த அணியைத் தெரிய, ஆளுக்குப் பதினொரு பெயர் எழுதி வாக்கெடுத்தோம். முன்கள வீரர்கள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். இடது பின்களத்துக்கு ஆளே இல்லை. எங்கே பிழைத்தது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பெயரில் தொடங்கியதுதான் பிழை. முதலில் 4-2-3-1 என்றோ 4-4-2 என்றோ (பின்களத்தில் தொடங்கி முன்களம் வரை வரிசைக்கு எத்தனை பேர் என்று) அமைப்பை முடிவு செய்யுங்கள். பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி வாக்கு. ஒருவர் ஓரிடத்துக்கு மூவரை வரிசைப்படுத்தட்டும். 3, 2, 1 என்று புள்ளி. ஒரே வீரர் இரண்டு இடங்களில் முதலாவதாக வந்தால் (ஸ்டீவன் ஜெராட்டுக்கு இது நடக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்), எங்கே அடுத்தவரை விடக் கூடிய புள்ளி வித்தியாசமோ அங்கே அவரை வைத்து, மற்ற இடத்தை இரண்டாமவருக்குக் கொடுங்கள்.

வாக்குக்கு முன்பே தகுதி எல்லையும் வேண்டும். கழகத்துக்காக 200 ஆட்டங்கள் என்று வைத்தால் 133 ஆடிய சுவாரெஸும் 142 ஆடிய டொரஸும் வெளியே. 210 ஆடிய சாபி அலொன்சோ மயிரிழையில் உள்ளே. சுவாரெஸ் இல்லாத அணியா என்று கேட்பவர் இருந்தால் எல்லையை 100 ஆக்குங்கள். ஆனால் வாக்கெடுத்த பின் மாற்றினால் சண்டைதான்.

கேள்வி: கோல் காப்பாளர் ரே கிளெமென்ஸா, அலிசனா? 1978-79 பருவத்தில் வாங்கிய கோல்கள் வெறும் 16 என்று அப்பா சொல்லிச் சொல்லியே வாதத்தில் வென்றுவிடுகிறார்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அப்பா சொல்வது சரி. அதுவும் 42 லீக் ஆட்டங்களில் 16, ஆட்டத்துக்கு 0.38. அலிசன் வந்த 2018-19இல் 38 லீக் ஆட்டங்களில் 22, அதாவது 0.58. ஆனால் இரண்டும் ஒரே ஆட்டமல்ல. சகவீரர் காலால் திருப்பித் தரும் பந்தை அன்று காப்பாளர் கையில் எடுக்கலாம். முன்னிலை பெற்ற அணி அப்படியே நேரத்தைக் கடத்தும். 1992இல் அது தடை செய்யப்பட்டது. இன்றைய காப்பாளர் காலாலும் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டும். ஆகவே காலங்களை நேருக்கு நேர் வைக்காமல், அந்தந்தப் பருவத்தில் மற்றக் கழகங்கள் வாங்கிய கோல்களோடு ஒப்பிடுங்கள். கிளெமென்ஸ் அப்போதும் முன்னுக்கு வருவார். 665 ஆட்டங்கள் வேறு. என் வாக்கு அவருக்கே.

கேள்வி: யாரும் கண்ணால் காணாத பில்லி லிடலைச் சேர்க்கலாமா?
– வாசகர், தெமட்டகொடை

பதில்: தாராளமாக. 534 ஆட்டம், 228 கோல், அதுவும் பெரும்பாலும் இடது ஓரத்தில் ஆடிக்கொண்டு. 1938இல் கழகத்தில் சேர்ந்தவருக்குப் போரால் இளமையின் நல்ல ஆண்டுகள் போயின. 1954இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் அவர் விட்டுப் போகவில்லை. கிண்ணங்களை எண்ணித் தெரிவு செய்தால் இப்படிப்பட்டவர் அடிபட்டுப் போவார், கிண்ணம் அணியினுடையது. இடது ஓரத்தில் அவருக்குப் போட்டி ஜோன் பார்ன்ஸ்.

கேள்வி: சரி, உங்கள் பதினொருவர்?
– வாசகர், தெஹிவளை

பதில்: 4-2-3-1 அமைப்பில் கிளெமென்ஸ்; பின்களத்தில் நீல், ஹான்சன், வான் டைக், றொபேட்சன்; நடுவில் சூனஸ், ஜெராட்; அவர்களுக்கு முன்னே சலா, டல்கிளிஷ், பார்ன்ஸ்; முனையில் றஷ். லிடல் மாற்று வீரராக வாங்கில். சலா வலப்பக்கமிருந்து இடக்காலோடு உள்ளே வெட்டுவார்; அந்த ஓரத்தை வலப் பின்கள வீரர்தான் ஓடி நிரப்ப வேண்டும். தொடர்ந்து 417 ஆட்டங்கள் தவறாமல் ஆடிய நீலின் நெஞ்சுரம் அதற்குப் போதும். முன்னே நால்வரும் தாக்குபவர்கள் என்பதால் பந்தைப் பறிக்கச் சூனஸ் இல்லாமல் முடியாது. 346 கோல் அடித்த றஷ், எதிரணிப் பின்களத்தை முதலில் துரத்துபவரும் அவரே.

கேள்வி: சோண்டர்ஸ், றினோன் போன்ற எங்கள் கொழும்புக் கழகங்களுக்கும் இப்படிச் செய்யலாமா?
– வாசகர், கொம்பனித்தெரு

பதில்: செய்யலாம், வேலை கூட. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய வீரகேசரி, தினகரன் இதழ்களைப் பார்க்கலாம். திகதி இல்லாமல் போனால் நாள் முழுக்கத் தாள் புரட்டுவீர்கள். இறுதியாட்டங்களின் திகதிகளை முன்பே குறித்துக்கொண்டு, மறுநாள் இதழைக் கேளுங்கள். சாதாரண ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் கோல் அடித்தவர் பெயர் மட்டுமே இருக்கும். அதனால் பின்கள வீரர்கள் தாளில் மறைந்துபோவார்கள். அவர்களைப் பற்றிப் பழைய ஆட்டக்காரர்களிடமே கேட்க வேண்டும். ஒரே வீரரின் பெயர் பத்திரிகைக்குப் பத்திரிகை வேறு எழுத்தில் வரும். கழகம், ஆண்டு, ஆடிய இடம் மூன்றையும் பக்கத்தில் எழுதாவிட்டால் ஒருவரையே இருவராக எண்ணிவிடுவீர்கள்.