குளித்த தண்ணீரைப் பாலைவனத்தில் விடலாமா?

கேள்வி: பிள்ளைகளின் வசந்த விடுமுறைக்கு ஆர்.வி. (சமையலறை, குளியலறையோடு கூடிய வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் நான்கு நாள் தங்கப்போகிறோம். "டாய்லெட் தண்ணியைக் கொட்டக் கூடாது, சரி. குளிக்கிறதும் பாத்திரம் கழுவுறதும் வெறும் சோப்புத் தண்ணிதானே? ராத்திரி வால்வை லேசாத் திறந்துவிட்டா மண்ணு குடிச்சிடும். நம்ம ஊர்ல வாழைக்குப் போகலையா?" என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. செய்யலாமா?
(கலிஃபோர்னியா வாசகி)

பதில்: கூடாதம்மா. ஆனால் உங்கள் வீட்டுக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். முதல் ஆர்.வி. வாங்கிய புதிதில் நானும் இதே வாழைமரத்தைத்தான் சாட்சிக்கு இழுத்தேன்.

கொல்லை வாழைக்குப் போவது அன்றன்றைய தண்ணீர். கழுவின கையோடு போய்ச் சேரும், வேர் இழுத்துக்கொள்ளும். ஆர்.வி.யில் சிங்க் தண்ணீரும் ஷவர் தண்ணீரும் வண்டிக்கு அடியில் கிரே டேங்க் என்ற தொட்டியில் அடைந்து கிடக்கின்றன. சோற்றுப் பருக்கை, எண்ணெய், உடம்பு அழுக்கு எல்லாம் காற்றில்லாமல் ஊறி ஒரே நாளில் நாற ஆரம்பித்துவிடும். மூன்றாம் நாள் அது கழிப்பறை டேங்க்கையே தோற்கடிக்கும். முகர்ந்தவன் சொல்கிறேன். அப்படிப்பட்டதை 30, 40 காலன் ஒரே இடத்தில் விட்டால், தண்ணீர் கீழே இறங்கினாலும் பிசுக்கும் பருக்கையும் மேலேயே நிற்கும். ஈ மொய்க்கும், ராத்திரி கொயோட்டி (நரி மாதிரி விலங்கு) வந்து கிளறும். மறுநாள் அதே இடத்தில் வேறு வீட்டுப் பிள்ளை உட்கார்ந்து மண் அளையும்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். தேசியப் பூங்காக்களில், வண்டியிலிருந்து கழிவை அதற்கென்று வைத்த இடம் தவிர வேறெங்கும் வடிக்கக் கூடாது என்பது மத்திய அரசு விதி. திரவக் கழிவு என்றாலே அதில் அடக்கம். டாய்லெட் தண்ணீர், குளியல் தண்ணீர் என்ற பேதம் கிடையாது. இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: குளியல், துணி துவைத்த தண்ணீரை வீட்டுத் தோட்டத்துக்கு விட கலிஃபோர்னியா அனுமதிக்கிறது. சமையலறை சிங்க் தண்ணீரையோ கிரே வாட்டர் (கழிப்பறை சேராத கழிவுநீர்) கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வாழை வழக்கு அங்கேயே பாதி தோற்றுவிட்டது.

குழப்பம் வருவது பி.எல்.எம். (மத்திய அரசின் நில நிர்வாகத் துறை) நிலங்களில். அவர்கள் பொது விதியில், வண்டியிலிருந்து கொட்டக் கூடாத கழிவுகளில் கழுவிய தண்ணீருக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு "எங்கும் விடலாம்" என்று சொல்லித் திரிபவர்கள் உண்டு. ஆனால் மாநில, மாவட்டச் சட்டங்களும் அங்கே செல்லும். அரிசோனாவில் குவார்ட்ஸைட் பக்கத்து லா போசா முகாம் பி.எல்.எம். நிலம்தான், அங்கே கிரே வாட்டரைத் தரையில் விடத் தடை. எனவே போகிற இடத்து அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

ஜோஷுவா ட்ரீயில் உங்களுக்குக் கவலையில்லை. பிளாக் ராக், காட்டன்வுட் இரண்டு முகாம்களிலும் டம்ப் ஸ்டேஷன் (டேங்க் கழிவைக் கொட்டும் இடம்) இருக்கிறது. பூங்காவின் பெரும்பாலான முகாம்களில் குழாயே இல்லை என்பதால் தண்ணீரை நிரப்பிக்கொண்டு உள்ளே போங்கள். சாதாரண ஷவர் நிமிஷத்துக்கு 2 காலன் விடும். 20 நிமிஷத்தில் 40 காலன் டேங்க் நிறைந்துவிடும். நனைந்ததும் குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்டுவிடும், பெரியவர்கள்தான் கேட்கமாட்டார்கள். தாளித்த வாணலியை பேப்பர் டவலால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள்.

கொட்டும்போது பிளாக் வால்வு (கழிப்பறை டேங்க்குடையது) முதலில், கிரே வால்வு பின்னால். நான் முதல் தடவை மாற்றித் திறந்தேன். கடைசியில் ஹோஸைக் கழற்றினேன். வளைவில் தேங்கி நின்றது அத்தனையும் என் செருப்பின் மேல். செருப்பை அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு வண்டி ஓட்டினேன். முறைப்படி செய்தால் பின்னால் வரும் சோப்புத் தண்ணீரே ஹோஸை அலசிவிடும். கையுறை கட்டாயம். ஹோஸ் கழுவ வைத்திருக்கும் குழாயில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள்.

கேள்வி: டேங்க்கைக் காலி செய்த பிறகும் மீட்டர் முக்கால் என்கிறதே, கெட்டுவிட்டதா?
(புதிதாக ஆர்.வி. வாங்கியவர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. டேங்க் சுவரில் வரிசையாகக் குமிழ் மாதிரி சென்சார்கள் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏடுபோல் படிந்தால், தண்ணீர் இல்லாமலே மின்சாரம் பாய்ந்து மீட்டரை ஏமாற்றும். காலி டேங்க்கில் பாதிக்கு வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி, வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு டம்ப் ஸ்டேஷனில் கொட்டிப் பாருங்கள். என் வண்டி மீட்டர் அதற்கும் மசியவில்லை. ஷவர் தரையில் தண்ணீர் எதிர்த்து ஏறினால் நிறைந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறேன்.