ஓயாத வயிற்றுப் பிரச்சினை: மீட்டெடுத்த பூனை வளர்ப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

நான் மருத்துவர் இல்லை. தெருவிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் வந்த பூனைகளை வருஷக்கணக்காக வளர்த்து வருபவள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவு யாருக்கும் சொல்ல மாட்டேன், அது டாக்டர் வேலை.

கே: தத்தெடுத்து இரண்டு மாதம். குடற்புழு மருந்து இரண்டு தடவை கொடுத்தாயிற்று, மலப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் கழிச்சல் நிற்கவில்லை. தெருப் பூனைக்கு வயிறு இப்படித்தான் இருக்குமோ?

ப: இருக்காது. இந்தச் சமாதானத்தை நம்பித்தான் பல பூனைகள் மெலிந்துபோகின்றன. மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலே அது நாள்பட்ட கழிச்சல், காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

சாதாரணப் புழு மாத்திரை உருளைப்புழு, கொக்கிப்புழு வகைகளைத்தான் பார்த்துக்கொள்ளும். ஜியார்டியா, காக்சிடியா போன்ற ஒற்றைச் செல் கிருமிகள் அதற்குப் பெரும்பாலும் அசையாது. ஜியார்டியா தினமும் மலத்தில் வெளிவருவதும் இல்லை. ஒரு நாள் மாதிரியில் 'இல்லை' என்று வந்தால் அன்றைக்கு இல்லை என்றுதான் அர்த்தம். வெவ்வேறு நாளில் எடுத்த மூன்று மாதிரிகளைக் கொடுத்துப் பாருங்கள்.

பல பூனைகள் நெருக்கியடித்து இருந்த இடத்திலிருந்து வந்த குட்டி என்றால் டிரைட்ரைகோமோனாஸ் என்ற இன்னொரு ஒற்றைச் செல் கிருமியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். நாற்றம் வீட்டையே தூக்கும், மலம் சளியோடு இருக்கும், ஆனால் குட்டி துள்ளி விளையாடும். இதை உறுதிசெய்ய பி.சி.ஆர். பரிசோதனை வேண்டும். கழிச்சலுக்கு வழக்கமாகத் தரும் மெட்ரோனிடசோல் மருந்தைக் கொடுத்தால் அடங்கின மாதிரி இருந்து, நிறுத்தியதும் திரும்ப வரும். இதற்கான மருந்து ரோனிடசோல். அது நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது, எனவே மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது.

கே: எந்த டாக்டரிடம் போனாலும் 'மலம் எப்படி இருக்கிறது' என்றே குடைகிறார்கள். தண்ணியாக இருக்கிறது, வேறு என்ன சொல்ல?

ப: நிறைய இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏராளமாகப் போய், எடையும் குறைந்தால் சிறுகுடல் பக்கம் சந்தேகம் போகும். அடிக்கடி மணல் தட்டுக்கு (லிட்டர் தட்டு) ஓடி, முக்கி முக்கிக் கொஞ்சமாகப் போனால் பெருங்குடல். அதில் கடைசித் துண்டை உற்றுப் பாருங்கள்: மேலே கண்ணாடி மாதிரி வழவழப்பாகச் சளி படிந்து, அதில் ஊசிமுனை அளவுக்குப் பளிச்சென்று சிவப்பு ரத்தம் தெரியலாம். தார் போலக் கறுப்பாக இருந்தால் ரத்தம் மேலே வயிற்றிலோ சிறுகுடலிலோ கசிகிறது, அன்றைக்கே கிளம்புங்கள்.

மலம் மணலில் புரள்வதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துத் தேதியோடு வையுங்கள். வாரம் ஒருமுறை எடையும் குறியுங்கள்: எடை மெஷினில் முதலில் நீங்கள் மட்டும் ஏறி, பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, கழித்துக்கொள்ளலாம். சின்ன மாற்றம் இதில் சரியாகத் தெரியாது, குழந்தைகளுக்கான எடை மெஷின் இருந்தால் இன்னும் நல்லது.

கே: ஒரு மாதத்தில் நான்கு பிராண்டு மாற்றிவிட்டேன். புரோபயாடிக், பூசணிக்காய் விழுது, செரிமான டானிக் எல்லாம் கொடுக்கிறேன். எதுவும் கேட்கவில்லை.

ப: எதுவும் கேட்கவில்லையா, ஒன்று கேட்டு இன்னொன்று கெடுத்ததா என்று உங்களால் சொல்ல முடியுமா? ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

புது உணவைப் பழையதோடு கலந்து ஏழு முதல் பத்து நாளில் முழுசாக மாற்றுங்கள். ஒவ்வாமை சந்தேகம் என்றால் டாக்டர் இரண்டில் ஒரு வழி சொல்வார்: பூனை இதுவரை சாப்பிடாத இறைச்சி, அல்லது புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்த ஹைட்ரலைஸ்டு உணவு. உணவுதான் காரணம் என்றால் வயிறு பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லிவிடும், தோல் அரிப்புக்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். அந்த இரண்டு வாரமும் வேறு எதுவும் வாயில் படக்கூடாது. பலருக்குக் கெடுவது இங்கேதான்: சுவையூட்டிய மாத்திரை, பரிதாபப்பட்டு யாரோ போட்ட ஒரு துண்டு மீன், பக்கத்துக் கிண்ணம்.

கே: பால் கொடுக்கலாமா? ஆசையாகக் குடிக்கிறான்.

ப: வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது. ஆசைப்படுவதற்கும் ஒத்துக்கொள்வதற்கும் சம்பந்தம் இல்லை.

கே: வாரம் இரண்டு தடவை வாந்தி. முடி உருண்டை, பயப்பட வேண்டாம் என்கிறார்கள்.

ப: எப்போதோ ஒரு தடவை என்றால் சரி. வாரம் இரண்டு தடவை என்பது முடிக் கணக்கில் வராது. வயிறு எக்கி எக்கிக் கக்குகிறதா, சாப்பிட்ட உடனே சத்தமில்லாமல் அப்படியே வெளியே வருகிறதா என்று வீடியோ எடுங்கள், இரண்டும் வேறு. பத்து வயதைத் தாண்டிய பூனை நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: பி12 ஊசி எதற்கு? சத்துக் குறைவு என்றால் சாப்பாட்டிலேயே கிடைக்காதா?

ப: பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அங்கேயே புண்பட்டிருந்தால் சாப்பாட்டில் எவ்வளவு இருந்தும் உடம்பில் ஒட்டாது. பி12 குறைந்தால் பசி மந்தமாகும், குடல் ஆறவும் தாமதமாகும். வழக்கமாக வாரம் ஒரு ஊசி, ஆறு வாரம். மாத்திரையும் உண்டு. சரியான உணவு கொடுத்தும் தேறாத பூனை, இது தொடங்கியதும் கிண்ணத்தைத் தேடி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கே: குடல் அழற்சி என்கிறார்கள். பயாப்சி (குடலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) இல்லாமலே ஸ்டெராய்டு தொடங்கலாமா?

ப: ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருப்பது தெரியும். அது அழற்சியா, மெதுவாக வளரும் லிம்போமா புற்றுநோயா என்பது ஸ்கேனில் பிரியாது. முதலில் ஸ்டெராய்டு கொடுத்துவிட்டால் பிறகு எடுக்கும் பயாப்சியும் குழம்பலாம். அதனால் பயாப்சி எடுப்பதா இல்லையா என்பதைத் தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வயதான, பலவீனமான பூனைக்கு மயக்க மருந்தே ஆபத்து என்று தெரிந்து, எடுக்காமலே சிகிச்சைக்குப் போவதிலும் தப்பில்லை. அந்த வகை லிம்போமாவே ஆனாலும் மாத்திரையில் இரண்டு வருஷம், அதற்கு மேலும் நன்றாக இருக்கும் பூனைகள் உண்டு.

ஸ்டெராய்டு மாத்திரைகளில் பூனைக்குப் பிரெட்னிசோலோன்தான், பிரெட்னிசோன் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை நோய் வரலாம் என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

கே: ராத்திரி நேரம் டாக்டர் கிடைக்காவிட்டால் நம் மாத்திரையில் கால்வாசி?

ப: கூடவே கூடாது. பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். மனிதர்களுக்கான பாஸ்பேட் எனிமாவும் அப்படித்தான், மலச்சிக்கலுக்கு அதைத் தேடி ஓடாதீர்கள். வெங்காயம், பூண்டு சேர்த்த சூப்பும் வேண்டாம், ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் மலச்சிக்கல் என்று முடிவுகட்டாதீர்கள், சிறுநீர் அடைத்திருக்கலாம். மூத்திரம் வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்க முடியாது, ராத்திரியே அவசர சிகிச்சை உள்ள இடத்தைத் தேடுங்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் கிழியும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். முக்கியமாகக் குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும்.

கே: வீட்டில் மூன்று பூனை, ஒருத்திக்கு மட்டும் பத்தியம். எப்படிச் சமாளிப்பது?

ப: எந்நேரமும் கிண்ணத்தில் கொட்டி வைப்பதை நிறுத்தி, நேரத்துக்குச் சாப்பாடு. அவளைத் தனி அறையில் விட்டு இருபது நிமிஷத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அவள் உடம்பிலுள்ள மைக்ரோசிப்பைப் படித்துத் திறக்கும் கிண்ணமும் கிடைக்கிறது. லிட்டர் தட்டு நான்கு வையுங்கள், யாருடைய மலம் என்று தெரியாவிட்டால் அவளை மட்டும் ஓர் இரவு தனியாக வைத்துப் பாருங்கள்.