‘100 சதவீதம் காட்டன்’ வாங்கியும் குழந்தைக்கு ஏன் வேர்க்குரு?

கோடை தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில், ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் உடைகளைப் பற்றியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் ஐந்துக்கு இந்த முறை பதில் எழுதியிருக்கிறேன். முதல் பதில் சற்று நீண்டுவிட்டது. மற்றவற்றுக்கும் அதுவே அடிப்படை என்பதால் குறைக்கவில்லை.

கேள்வி: எங்கள் பையனுக்கு ஒன்றரை வயது. தஞ்சாவூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ‘100 சதவீதம் காட்டன்’ என்று சீட்டு ஒட்டிய ஆறு டி-சர்ட்டுகளை எடுத்தோம். போட ஆரம்பித்த ஒரு வாரத்திலேயே கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு வந்துவிட்டது. சீட்டில் இருப்பது பொய்யா, அல்லது பருத்தியே இந்த வெயிலுக்குப் பயன்படாதா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: சீட்டில் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ‘காட்டன்’ என்ற சொல் நூல் எதனால் ஆனது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. அந்த நூலை எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு தடிமனாகத் துணியாக்கியிருக்கிறார்கள் என்பதைத் தெரிவிப்பதில்லை. உங்கள் குழந்தையின் முதுகுக்குத் தேவைப்படும் தகவல் அந்த இரண்டாவதுதான்.

வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடலை ஒட்டிய நம் மாவட்டங்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால், உள்மாவட்டங்களில் அதே வெயிலுக்குச் சட்டென்று காய்ந்துவிடும் வேர்வை, இங்கே தோலின் மேலேயே தங்கிவிடுகிறது. சின்னக் குழந்தைகளின் வேர்வை நாளங்கள் எளிதில் அடைபடக்கூடியவை. நனைந்த துணி தோலோடு ஒட்டிக் கிடக்கும்போது அவை அடைபட்டு, உள்ளே தேங்கும் வேர்வை சிறு சிறு பருக்களாகத் தடிப்பதைத்தான் வேர்க்குரு என்கிறோம். பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. பருத்தியை விரும்புவதற்குக் காரணம் இதுவே. ஆயினும் ஏற்ற ஈரத்தை அது சீக்கிரம் விட வேண்டுமானால் துணி மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த பனியன் துணியில் தைத்த டி-சர்ட், வேர்வையை நன்றாகக் குடிக்கும். குடித்ததைப் பொழுது சாயும் வரை வைத்துக்கொண்டும் இருக்கும்.

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கைத் திருப்பூர்க்காரர்கள் ‘ஜிஎஸ்எம்’ என்பார்கள். பெரியவர்களின் டி-சர்ட் துணி 180 ஜிஎஸ்எம் அளவில் இருப்பது வழக்கம். அதே துணியைச் சிறியதாக வெட்டிக் குழந்தைக்கும் தைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். கோடையில் பனியன் துணியாக வாங்கினால் 140க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தறியில் நெய்த மல்மல் துணி ஏறக்குறைய அதில் பாதிதான் இருக்கும். இணைய விற்பனையில் இந்த எண்ணைச் சிலர் குறிப்பிடுகிறார்கள். கடையில் கேட்டால் விற்பனையாளர் உங்களை விநோதமாகப் பார்க்கக்கூடும். அங்கே வேறு வழி இருக்கிறது. துணியின் ஒற்றைப் பரப்பை விளக்குக்கு நேராகப் பிடித்து, பின்னால் விரல்களை விரித்துப் பாருங்கள். விரல்களின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் அது கோடைக்கான துணி. கையால் தடவிப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். குளிரூட்டிய கடைக்குள் பாலியஸ்டரும் குளுகுளுவென்றுதான் இருக்கும்.

துணி சரியாக இருந்தும் வேலைப்பாடு கெடுத்துவிடுவதுண்டு. நெஞ்சு முழுவதும் கரடியோ காரோ ரப்பர் போன்ற தடித்த அச்சில் பதிக்கப்பட்டிருந்தால், அந்த இடத்தில் துணிக்குள் காற்று புகாது. அது ஏறத்தாழ ஒரு பிளாஸ்டிக் தாளை நெஞ்சில் கட்டிவிட்டதற்குச் சமம். உடையை உட்புறம் திருப்பி, ஓவர்லாக் தையல் முரட்டு நூலில் போடப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கழுத்தில் உரசிப் பார்த்துக்கொள்ளலாம். பின்கழுத்துச் சீட்டை வெட்டிவிடுவது நல்லது. ஆனால் தூக்கி எறியாமல் பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அதன் பயன் மூன்றாம் கேள்வியில் தெரியும்.

சீட்டின் மீதே சந்தேகம் இருந்தால், உட்தையலின் ஓரத்திலிருந்து துணியின் இழை ஒன்றை உருவி, குழந்தை அருகில் இல்லாதபோது அகல் சுடரில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிவது போன்ற வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கடினமான மணியாக நிற்கும். கலப்புத் துணி இரண்டையும் காட்டும். ரேயானும் பருத்தியைப் போலவே எரியும் என்பதால் அதை இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. ரேயான் ஈரத்தை நன்றாகவே ஏற்கும், உடுத்தவும் இதமாக இருக்கும். ஆனால் நனைந்தால் வலுவிழக்கும், சுருங்கவும் செய்யும். நாளுக்கு இரண்டு முறை துவைக்க வேண்டிய குழந்தை உடைக்கு அது உழைக்காது.

இனி என்ன வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். மல்மல் அல்லது வாயில் (voile) எனப்படும் மெல்லிய துணியில் கையில்லாத ஜபலா பத்தும், மெல்லிய பருத்தி ஜட்டி பத்தும் இருந்தால் வீட்டுக்குப் போதும். காலையில் குளிப்பாட்டியதும் ஒன்று, மதியத் தூக்கத்துக்கு முன் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றிவிடலாம். காற்றில் போட்டால் அவை விரைவில் காய்ந்துவிடும். ஆறு தடித்த சட்டைகளைவிடப் பத்து மெல்லிய ஜபலாக்கள் இந்த ஊருக்கு உகந்தவை என்பது என் கருத்து. பழகி மெலிந்த பருத்தி வேட்டி ஒன்று வீட்டில் இருந்தால், தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்துப் பல ஜபலாக்கள் தைத்துக்கொள்ளலாம்; கடையில் கிடைக்கும் எதுவும் அந்த மென்மைக்கு ஈடாகாது. முடிச்சு நாடா கழுத்தில் வராமல் முதுகில் வரும்படி தைக்கச் சொல்லுங்கள். ஜட்டியின் எலாஸ்டிக்குக்குள் உங்கள் விரல்கள் இரண்டு தாராளமாக நுழைய வேண்டும்.

வேர்க்குருவின் மேல் பவுடரை அப்ப வேண்டாம். அது வேர்வையோடு குழைந்து அடைப்பைக் கூட்டும். குழந்தை அதன் தூளைச் சுவாசிப்பதும் நல்லதல்ல. பருக்களில் சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் பேத்திக்கு இரண்டு வயது. வைகாசியில் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்துகிறோம். திருபுவனம் பட்டில் பாவாடை சட்டை எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. மகனும் மருமகளும் வெயிலுக்குப் பட்டு ஆகாது, நெட் கவுன் எடுக்கலாம் என்கிறார்கள். யார் சொல்வது சரி? (ஓர் அப்பாயி, கும்பகோணம்)

பதில்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்றால் உங்கள் பக்கம்தான் நிற்பேன். நெட் கவுன் என்பது நைலான் அல்லது பாலியஸ்டர் வலை. அதற்குக் கீழே பாவாடை உப்பலாக நிற்க வைக்கும் விறைப்பான வலைத்துணியான கேன்கேன், அதற்கும் கீழே சாட்டின் லைனிங் என்று மூன்று நான்கு அடுக்குகள் இருக்கும். சொரசொரப்பான அந்த வலை தொடையிலும் அக்குளிலும் உரசிக் குழந்தையைப் படுத்திவிடும். அகல் விளக்கும் கற்பூரத் தட்டும் இருக்கும் இடத்தில் அது ஆபத்தும்கூட. இவ்வகை இழைகள் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பட்டு இயற்கை இழை, ஈரத்தை ஏற்கும், எளிதில் தீப்பற்றிக்கொள்ளாது.

இருந்தாலும் கெட்டிச் சரிகைக் கரை வைத்த முழுப் பட்டு உடை வைகாசி வெயிலுக்குக் கனம்தான். பாவாடையை மட்டும் பட்டில், சிறிய கரையில் எடுத்து, சட்டையை அதே நிறத்து மெல்லிய பருத்தித் துணியில் தையுங்கள். பாவாடையை இடுப்பில் நாடா போட்டு இறுக்காமல் பருத்தி பாடியோடு இணைத்துத் தைக்கச் சொன்னால், கனம் தோளுக்குப் போய்விடும். லைனிங் வாயில் துணியாக இருக்கட்டும்; தையல்காரர் கையில் இருக்கும் மலிவான லைனிங்கைப் போட்டுவிட்டால் பட்டு எடுத்ததன் பயனே போய்விடும். கீழே இரண்டு டக் பிடித்து வைத்தால் அடுத்த ஆண்டும் பாவாடை உதவும்.

இந்தச் சடங்குக்கென்றே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காது குத்திய பிறகு தலைவழியாகக் கழற்றும் சட்டையாக இருந்தால் அது புதுக் கம்மலில் மாட்டி இழுக்கும். ஆகவே முழுவதும் முன்புறம் திறக்கும் சட்டையாகத் தையுங்கள். மொட்டையடித்த தலைக்கு ஒரு மெல்லிய பருத்தித் தொப்பி வேண்டும். பட்டை வாங்கும்போது, அசல் பட்டு என்பதைக் காட்டும் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சடங்கு முடிந்ததும் ஜபலாவுக்கு மாற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்தால் உங்கள் மருமகள் சம்மதிக்கக்கூடும்.

கேள்வி: வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கிய குழந்தை கவுன் முதல் தண்ணீரிலேயே சாயம் விட்டு, கூட நனைத்த துணிகளையும் கெடுத்துவிட்டது. கடைக்காரர், பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டிப் பேச மறுக்கிறார். (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: அந்த வரி அவரை முழுவதுமாகக் காப்பாற்றாது. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்க வந்தால் அவர் மறுக்கலாம். குறையுள்ள பொருளின் நிலை வேறு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது.

சீட்டில் தரப்பட்டிருந்த துவைக்கும் குறிப்பை நீங்கள் பின்பற்றினீர்களா என்பதுதான் முதலில் எழும் கேள்வி. வெட்டிய சீட்டைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்காகவே. கவுனையும் கெட்டுப்போன துணிகளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பில் எண்ணைக் குறிப்பிட்டுக் கடைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். பொருளுக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். சில நூறு ரூபாய் கவுனுக்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்பீர்கள். 1915க்கு ஓர் அழைப்போடு நிறுத்திக்கொண்டாலும் தவறில்லை, ஆனால் அதையாவது செய்யுங்கள்.

கேள்வி: குழந்தைக்குக் கோடையில் முழுக்கை நல்லதா, கையில்லாதது நல்லதா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (வாசகி, திருத்துறைப்பூண்டி)

பதில்: வீட்டுக்குள் கையில்லாதது. வெயிலில் வெளியே போனால் தொளதொளப்பான முழுக்கை. அதற்கு மட்டும் மல்மல் வேண்டாம், ஏனென்றால் விரல் உருவம் தெரியும் துணி வெயிலையும் உள்ளே விடும். நெருக்கமாக நெய்த மெல்லிய பாப்ளின் ஏற்றது. சாயங்காலம் கொசுவுக்காக மறுபடியும் முழுக்கையும் முழுக்கால் பைஜாமாவும், வெளிர் நிறத்தில்; டெங்கு பரப்பும் கொசு பகலிலும் கடிக்கும் என்பதால் தோப்புப் பக்கம் கூட்டிப்போனால் பகலிலும் அதே உடை. தொப்பியில் தாடைக்குக் கீழே கட்டும் கயிறு இருந்தால் அறுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் குழந்தையாக இருந்தபோது போட்ட பருத்திச் சட்டைகளை டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறேன். நன்றாக மெலிந்து மிருதுவாக இருக்கின்றன. இப்போது பேரனுக்குப் போடலாமா? (வாசகி, பாபநாசம்)

பதில்: போடலாம், ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே வேண்டாம். அந்துருண்டைகளில் பெரும்பாலும் இருப்பது நாஃப்தலீன். அதன் ஆவி துணியில் ஊறியிருக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த ஆவி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையும் ரத்தசோகையும் உண்டாக்கியதை மருத்துவ உலகம் வெகுகாலமாக அறிந்திருக்கிறது. அந்தக் குறை இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆண் குழந்தைகளிடம் அது அதிகம் காணப்படுகிறது.

சட்டைகளைச் சோப்பு போட்டுத் துவைத்து, சில நாட்கள் வெயிலிலும் காற்றிலும் உலர்த்துங்கள். வாடை துளியாவது இருந்தால் மறுபடி துவைத்து மறுபடி உலர்த்த வேண்டும். இற்றுப்போன பொத்தான்களைப் பிடுங்கிவிட்டு நாடா வைத்துத் தையுங்கள். அவிழ்ந்து விழும் பொத்தான் நேராக வாய்க்குத்தான் போகும். மிச்சச் சட்டைகளைத் திரும்பப் பெட்டியில் வைக்கும்போது உலர்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ போடுங்கள், வசம்பு மட்டும் பேரன் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.