இறுதிப் போட்டிக்கு முன் 9 நாள் ஓய்வு

பயிற்சியை முழுதாக நிறுத்த வேண்டாம். ஐஸ் ஹாக்கி அரையிறுதி சீக்கிரம் முடிந்துவிட்டதால் 9 நாளும் பையன்களை வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு கெடுக்காது, பனித்தளத்தை மறப்பதுதான் கெடுக்கும்.

உடம்பு தேறிவிடும். ஆனால் ஆட்ட வேகத்தில் பக்கை (அடித்து ஆடும் ரப்பர் வட்டை) வாங்கிக் கொடுக்கும் கணிப்பு மழுங்கிவிடும். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் ஸ்டான்லி கோப்பை இறுதி பல ஆட்டங்கள் கொண்ட தொடர்; 2003இல் அதற்கு 10 நாள் ஓய்வோடு வந்த அனாஹைம் அணி, முதல் இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோல்கூடப் போடவில்லை. இரண்டிலும் 0-3.

1. முதல் 2 நாள் முழு ஓய்வு.
2. 6ஆம் நாள் அணியை இரண்டாகப் பிரித்து ஆடவிடுங்கள். 2019இல் அதே கோப்பையின் இறுதிக்கு முன் பாஸ்டன் அணி இப்படி ஆடிப் பார்த்தது, இறுதியின் முதல் ஆட்டத்தை 4-2 என வென்றது. பாஸ் அதிகம் தவறினால் மறுநாளும் ஆடுங்கள்.

காயம்பட்டவர்களை மட்டும் இதில் இறக்காதீர்கள். அப்புறம், அந்த 2019 கோப்பை கடைசியில் எதிரணி செயின்ட் லூயிஸுக்குத்தான் போனது. இந்த வழி முதல் ஆட்டத்துக்குத்தான் உதவும்.