வாசகர் கேள்வி பதில்: மனநலச் செவிலியர் நேர்காணல்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து இரண்டு ஆண்டுகளாகப் பொது மருத்துவ வார்டில் இருக்கிறேன். மாவட்ட மனநலத் திட்டத்தில் செவிலியர் பணிக்கு அடுத்த வாரம் நேர்காணல். மனநல அனுபவம் என்றால் படிக்கும்போது போன போஸ்டிங் மட்டும்தான். எதைப் படிப்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டாதீர்கள். நோய்களின் வகைகளை ஒப்பிக்க எல்லோராலும் முடியும். பக்கத்தில் டாக்டர் இல்லாத ஒரு வீட்டில் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள், அதுதான் கேள்வி.

இப்படி ஒரு சூழ்நிலை தருவார்கள் என்று வையுங்கள். கடும் மனநோய்க்கு மாதாமாதம் ஃப்ளூஃபெனசின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் 28 வயது இளைஞர் இரண்டு முறை வரவில்லை. போன் செய்தால், "ரூமை விட்டு வெளியவே வரமாட்டேங்கிறான்மா, சோறும் எடுக்கல" என்கிறார் அம்மா. "ஊசியை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவேன்" என்று சொன்னால் அங்கேயே கோட்டை விட்டீர்கள்.

போனை வைக்கும் முன்பே கேட்க வேண்டியவை உண்டு: தண்ணீராவது குடிக்கிறாரா, யாரையாவது அடித்தாரா, சாவைப் பற்றிப் பேசினாரா, குடிப்பழக்கம் இருக்கிறதா. பிறகு சமூகப் பணியாளரோடு சேர்ந்து போங்கள். எந்த வீட்டுக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே போனதும் வாசல் பக்கமாக, வெளியேறும் வழி மறைபடாமல் உட்காருங்கள். உடம்பைப் பார்ப்பதுதான் முதல் வேலை. கட்டைபோல் விறைப்பும் காய்ச்சலும் இருந்தாலோ, பேச்சே இல்லாமல் ஒரே நிலையில் உறைந்திருந்தாலோ ஊசியைத் தொடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். அப்படி இல்லையென்றால் ஊசி ஏன் தவறியது என்று விசாரியுங்கள். மருந்தால் வந்த கை நடுக்கமா, பஸ் காசு இல்லையா, பெண் பார்க்கும் நேரத்தில் அக்கம்பக்கம் தெரிந்துவிடும் என்ற பயமா? நடுக்கத்துக்கு மருந்து உண்டு; பயத்துக்கு, ஊசி போட வரும் மையத்தை மாற்றினாலே போதும். எவ்வளவு டோஸ், எப்போது என்பதை மனநல மருத்துவரிடம் கேட்ட பிறகே ஊசி. பதிவேட்டில் அடுத்த சந்திப்பின் தேதியை எழுதாவிட்டால் அந்த வேலை பாதிதான்.

ஊசி போடும் முறையைச் செய்து காட்டச் சொன்னாலும் சொல்வார்கள். உடலில் தங்கி மெல்ல மெல்ல வேலை செய்யும் இந்த டெப்போ ஊசி மருந்து நல்லெண்ணெயில் கரைக்கப்பட்டது; எள் ஒவ்வாமை உண்டா என்று கேட்டால் விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்கள். 21 கேஜ் ஊசி, பிட்டத் தசை. தோலைச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, மெதுவாகச் செலுத்தி, பத்து விநாடி பொறுத்து ஊசியை எடுத்த பிறகே தோலை விட வேண்டும். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் எண்ணெய் தோலடிக்குக் கசிந்து கட்டியாகும். அடுத்த முறை மறுபக்கம்.

கேள்வி: மாத்திரைகளில் எதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்?
– வாசகர், சேலம்

பதில்: லித்தியம், அதாவது மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்கும் இருமுனை நோய்க்கான மாத்திரை. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பொதுவாகச் சரி, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் இரத்தம் எடுக்க வேண்டும். வாந்திபேதி, வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போட்ட டைக்ளோஃபினாக், மூன்றுமே அளவை ஏற்றும். கை பெரிதாக நடுங்கி, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். "குடித்திருக்கிறான்" என்று வீட்டார் நினைத்துவிடுவது உண்டு.

கேள்வி: தற்கொலை பற்றி நோயாளியிடம் நேராகக் கேட்பேன் என்று சொல்லலாமா? எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று தோழி சொல்கிறாள்.
– வாசகி, ஈரோடு

பதில்: தோழி சொல்வது தவறு. கேட்பதால் எண்ணம் வராது. "செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா? அது வீட்டுல இருக்கா?" என்று இந்த வரிசையில் கேட்பேன் என்று சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் சாணிப் பவுடர் என்ற விஷச் சாயப்பொடி, பூச்சிமருந்து, எலி பேஸ்ட் மூன்றையும் பெயர் சொல்லியே கேட்க வேண்டியிருக்கும். எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் ஓரிரு நாள் நன்றாகத்தான் தெரிவார், பிறகுதான் கல்லீரல் கெடும்; "நல்லாத்தான் இருக்கான்" என்று விட்டுவிடக் கூடாது. போலீஸ் கேசுக்குப் பயந்து மறைக்கும் குடும்பத்துக்கு, மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவைச் சொல்லுங்கள்: முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே சட்டம் பார்க்கிறது. இரவில் பேச, அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416.

கேள்வி: "முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம்" என்று வீட்டார் சொன்னால்?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: உங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பற்றி, சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். அதற்காகத் தர்காவைக் குறை சொல்லும் பதில் வேண்டாம். துவாவும் (பிரார்த்தனை) மருந்தும் ஒன்றாகக் கிடைக்க அங்கேயே மனநல கிளினிக் நடக்கிறது. "போய்வாங்க, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. ஆனா கட்டிப்போட மட்டும் விடாதீங்க" என்று வீட்டாரிடம் சொல்வேன் என்பதே சரியான பதில். சங்கிலியால் கட்டுவதை மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது.