கத்தரி நடவு நாளும் வேர்முடிச்சு நூற்புழுவும்: கேளுங்கள், சொல்கிறேன்

கத்தரியை எந்த மாதம் நட்டால் நூற்புழு வராது?

வராத மாதம் என்று ஒன்று கிடையாது. வேருக்குள் புகுந்து முடிச்சு போட வைக்கும் இந்த நுண்புழு காலண்டர் பார்ப்பதில்லை, மண்ணின் சூட்டைத்தான் பார்க்கிறது. கத்தரியில் பெரும்பாலும் வருகிற இன்காக்னிட்டா, ஜாவானிக்கா என்கிற புழு இனங்கள் இரண்டும் சூடு விரும்பிகள். மண் 18 டிகிரிக்குக் கீழே போனால் குஞ்சுப்புழு வேருக்குள் நுழைவது வெகுவாகக் குறைந்துவிடும். 27 டிகிரியில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை 25 முதல் 30 நாள், ஒரு பெண்புழு சில நூறு முட்டை இடும், ஆக நாலு மாதச் சூட்டுப் பயிரில் நாலு தலைமுறை ஓடிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 20 டிகிரி வாக்கில் இதே சுற்று ஏறக்குறைய இரு மடங்கு நாள் இழுக்கும். நடவு நாளை நகர்த்துவதில் கிடைக்கிற லாபம் இதுதான்: இளவேர் சில வாரம் தப்பிக்கும், ஒன்றிரண்டு தலைமுறை குறையும். மண்ணில் இருக்கிற புழு இருந்துகொண்டேதான் இருக்கும்.

அப்புறம், நடுவதற்கு முன் நாற்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். நாற்றங்காலிலேயே முடிச்சோடு வருகிற நாற்றுக்கு எந்த நடவு நாளும் உதவாது.

செடி மதியம் வாடி மாலையில் தெளிகிறது. நூற்புழுவா?

இருக்கலாம், ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் அதுதான். தெளியாமல் பச்சையாகவே சரிந்தால் பாக்டீரியா வாடலையும் சந்தேகப்படுங்கள். புழு துளைத்த வேரில் அது சுலபமாக நுழையும்.

என்ன மருந்து ஊற்றலாம்?

இது நடவு காலம் பற்றிய பேச்சு. மருந்துக்கு உங்கள் பகுதி வேளாண் அலுவலரிடம் போங்கள்.

குளிர்ந்த மண்ணில் நடு என்கிறீர்களே, கத்தரியே சூட்டுப் பயிர்தானே? குளிரில் வேர் ஓடாது, செடி குந்திக்கொண்டு நிற்கும். புழுவுக்குப் பயந்து விளைச்சலை விடச் சொல்கிறீர்களா?

நல்ல கேள்வி. நடுக்குளிரில் நடச் சொல்லவில்லை. மண் 20 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, குழித்தட்டில் (குழிகள் உள்ள நாற்றுத் தட்டில்) வளர்த்த, நன்றாக வேர்பிடித்த நாற்றை நடுங்கள் என்கிறேன். இளசில் முனைவேரைத் தொலைத்த செடி கடைசிவரை தேறாது, ஆனால் வேர் பரப்பிய செடி அதே அளவு புழுவை ஓரளவு தாங்கும்.

(அவரே மறுபடி) அப்படி நட்டாலும் பிறகு மண் சூடேறுமே? முன்கூட்டி நட்டவன் அந்தச் சூடு முழுவதையும் வயலில்தானே கழிக்கிறான்?

இதை மறுக்க மாட்டேன். சூடேறும் பருவத்துக்கு முன் நட்டால் தொடக்கம் லாபம், முடிவு நஷ்டம். சூடு தணிகிற பருவத்தில் நட்டால் நேர் தலைகீழ்: முதல் வாரங்களில் புழு உள்ளே புகும், ஆனால் புகுந்தது மெதுவாகத்தான் பெருகும். மண்ணில் ஏற்கெனவே புழு அதிகம் என்றால் முதல் வழி, குறைவு என்றால் இரண்டாவது, அது என் கணிப்பு. எந்த வழியானாலும் மறுதாம்பு, அதாவது காய்த்த செடியை வெட்டி மறுபடி துளிர்க்க, விடாதீர்கள். ஆறு, எட்டு மாதம் நின்றால் தேதி பார்த்து நட்டதன் பலன் கரைந்துவிடும். காய்ப்பு முடிந்ததும் வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

மணல் மண்ணிலும் இதே கணக்கா?

மணல் சீக்கிரம் சூடேறும், புழு நகரவும் தோது. கூடுதல் கவனம் வேண்டும்.

புழுவை அடக்க வரப்போரம் செண்டுமல்லி வைத்தால் போதுமா?

போதாது. கத்தரிக்கு முந்தைய பயிராக, வயல் முழுக்க, இரண்டு மூன்று மாதம் களையில்லாமல் நிற்க வேண்டும். களையிலேயே புழு குடியிருக்கும்.

நடவுக்கு முன் நிலம் சும்மா கிடக்கிறது. என்ன செய்யலாம்?

அது உச்ச வெயில் காலமானால் உழுது காயவிடுங்கள். அல்லது ஈரப்படுத்தி, நிறமில்லாத பாலித்தீன் தாளால் நாலு முதல் ஆறு வாரம் மூடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். இது மேல்மண்ணுக்குத்தான், ஆழத்தில் கிடப்பது தப்பிவிடும்.

சுண்டையில் ஒட்டுக்கட்டிய நாற்று?

நல்லது. பல இடங்களில் தாங்குகிறது, எல்லாப் புழு இனத்துக்கும் அல்ல.

சார், எந்த மாதம் நடலாம்?

முதல் பதிலைப் படியுங்கள். தெர்மாமீட்டரை 10, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் குத்தி ஒரு வாரம் காலையும் மாலையும் பாருங்கள். அப்படியே நாற்றின் வேரையும்.