வெல்டிங் செய்த அலுமினியத்தை மீண்டும் உலையில் வைத்தால் பழைய வலிமை திரும்புமா?

கேள்வி: 6061 டி6 அலுமினியத் தகடுகளை வெல்டிங் செய்து இயந்திரத் தாங்கிகள் தயாரித்தோம். சுமை ஏற்றியபோது வெல்டிங் உடையவில்லை. அதற்கு ஒரு விரற்கடை தள்ளித் தகடு வளைந்துவிட்டது. 175 டிகிரி உலையில் எட்டு மணி நேரம் வைத்தால் மறுபடியும் டி6 ஆகிவிடும் என்கிறார் வேலை எடுத்துத் தரும் முகவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். டி6 என்பது சூடாக்கிக் கரைத்து, உடனே குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் வைத்து என மூன்று படிகளில் வலுவேற்றிய நிலை. அவர் சொல்வது அதன் கடைசிப் படி மட்டுமே. முதல் இரண்டும் இல்லாமல் அதனால் உங்கள் தகட்டுக்குப் பயனில்லை.

6061 கலப்புலோகத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் மக்னீசியமும் அதைவிடச் சற்றுக் குறைவாகச் சிலிக்கானும் உள்ளன. சுமார் 530 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் இவை அலுமினியத்துக்குள், நீரில் உப்புக் கரைவதுபோல், கரைந்துவிடும். உடனே தண்ணீரில் அமிழ்த்தினால் பிரிந்து வர நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதன்பின் 175 டிகிரியில் சில மணி நேரம் வைக்கும்போது, சில நானோமீட்டர் தடிமனே உள்ள நுண்ணிய ஊசிகளாக உலோகம் முழுவதும் நெருக்கமாகப் பிரிந்து நிற்கும். உலோகம் நிரந்தரமாக வளைவது என்பது அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதுதான். அந்த வழுக்கலை இந்த ஊசிகள் தடுப்பதால்தான் முழுவதும் இளக்கிய நிலையில் 55 மெகாபாஸ்கல் அளவிலேயே வளையத் தொடங்கும் இதே உலோகம், டி6 நிலையில் சுமார் 275 மெகாபாஸ்கல் வரை தாங்குகிறது.

வெல்டிங் சூடு அந்த ஊசிகளை அழித்துவிடுகிறது. இணைப்பை ஒட்டிய பகுதியில் அவை ஒன்றுசேர்ந்து, இடைவெளி விட்டு நிற்கும் சில பெரிய துகள்களாகப் பருத்துவிடுகின்றன. வழுக்கல் அந்த இடைவெளிகளின் வழியே தடையின்றிச் செல்கிறது. அங்கே வலிமை ஏறத்தாழ பாதியாகிவிடும். உங்கள் தகடு வளைந்த இடம் அதுவே. பருத்த துகள்கள் 175 டிகிரியில் கரைவதில்லை. கரையாதபோது புதிய ஊசிகள் உருவாக மக்னீசியமும் சிலிக்கானும் எங்கிருந்து கிடைக்கும்?

முழுப் பொருளையும் 530 டிகிரிக்குக் கொண்டுசென்று, உலையிலிருந்து எடுத்த சில வினாடிகளுக்குள் தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு 175 டிகிரியில் வைத்தால் தகட்டின் வலிமை திரும்பும். ஆனால் வெல்டிங் செய்த சட்டங்கள் அந்தச் சூட்டில் தொய்யவும் தண்ணீரில் முறுக்கிக்கொள்ளவும் கூடும். வெல்டிங் கம்பியும் பொருத்தமானதாக இருக்க வேண்டும்.

ஒரு விலக்கைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முகவர்கள் இதைக் காட்டித்தான் வாதிடுகிறார்கள். தகட்டை டி6 நிலையில் வாங்காமல் டி4 நிலையில், அதாவது கரைத்துக் குளிர்வித்து அறை வெப்பநிலையில் மட்டும் முதிரவிட்ட நிலையில் வாங்கி, வெல்டிங் செய்து, அதன் பிறகே 175 டிகிரியில் வைத்தால் உண்மையிலேயே பயன் உண்டு. டி4 தகட்டில் மக்னீசியமும் சிலிக்கானும் பெரும்பாலும் கரைந்த நிலையிலேயே இருப்பதால், இணைப்பை ஒட்டிய பகுதியிலும் ஊசிகள் உருவாகப் போதிய சரக்கு மிஞ்சியிருக்கும். அப்போதும் முழு டி6 வலிமை கிடைக்காது; டி6இல் வெல்டிங் செய்ததைவிட மேலாக இருக்கும், அவ்வளவுதான். வெல்டிங்குக்கு முன்பே தகடு டி4 ஆக இருந்திருக்க வேண்டும். உங்களுடையது டி6 என்று நீங்களே எழுதியிருப்பதால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இனி சான்றிதழ்களைப் பற்றி. உலையே இல்லாத இடைத்தரகர்கள் வேலையை மூன்றாவது ஒருவரிடம் தள்ளிவிட்டு, தகட்டு ஆலையின் பழைய டி6 சான்றிதழை நகலெடுத்து உங்களிடம் நீட்டுகிறார்கள். அந்தத் தாள் ஆலையைவிட்டு வெளியேறிய நாளில் தகடு இருந்த நிலையைச் சொல்லுமே தவிர, வெல்டிங்குக்குப் பிந்தைய நிலையைச் சொல்லாது. கொள்முதல் படிவங்களில் சான்றிதழ் எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, கடினத்தன்மையை எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதற்குக் கட்டமே இல்லை; இத்தனை ஆண்டுகளாக இதை யாரும் திருத்தாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வெல்டிங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி அளந்தால் எப்போதும் டி6க்குரிய கடினத்தன்மை, அதாவது பிரினெல் அளவுகோலில் 95, வரத்தான் செய்யும். இணைப்பின் ஓரத்திலிருந்து தொடங்கிச் சில மில்லிமீட்டருக்கு ஒரு முறை அளந்த வரிசையைக் கேளுங்கள். உலையின் வெப்பநிலைப் பதிவையும், காற்றில் அல்லாமல் பொருளின் மேலேயே உணரி வைத்து எடுத்ததாகக் கேளுங்கள்.

வளைந்த தாங்கிகளை நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள். வளையாதவற்றை, இணைப்பின் அருகே வலிமை பாதிதான் என்று வைத்து மறுபடி கணக்கிடுங்கள். போதாவிட்டால் கூடுதல் தகட்டைப் போல்ட் போட்டுப் பொருத்துங்கள், அதையும் வெல்டிங் செய்ய வேண்டாம். அடுத்த தொகுதியில் வெல்டிங்கை வளைவு விசை குறைவாக உள்ள இடத்துக்கு நகர்த்துங்கள்.